வன்னியனாருக்கு நான் காட்டிய கறுத்த மீன்கள்

உங்களில் ஒருவர் போன கிழமை என்னிடம் கேட்டார், ஆராய்ச்சியும் செய்துகொண்டு படமும் பிடிக்க உங்களுக்கு எப்படி ஐயா நேரம் கிடைத்தது என்று. நேரம் கிடைக்கவில்லை. இரண்டையும் அரைகுறையாகச் செய்தேன் என்பதுதான் உண்மை. ஆனாலும் கேட்டவருடைய முகத்தில் தானும் அப்படிச் செய்து பார்க்கலாமா என்ற ஆசை தெரிந்தது. அவருக்காகவும், வாவிக்கரை நிலையங்களுக்குப் புதிதாகப் போகப்போகிற உங்கள் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். அறிவுரை என்று நினைத்துக்கொண்டு படிக்க வேண்டாம். அறிவுரை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இந்த வயதிலும் கொட்டாவி வந்துவிடும்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருடங்கள் அவை. கொழும்பில் விலங்கியல் பட்டம் முடித்துவிட்டு, மேற்பட்டத்துக்காகக் கொடுவா மீனைப் பிடித்துக்கொண்டேன். கொடுவா வாவியில் வளர்கிறது, பெருக்கத்துக்கு, வாவி கடலோடு சேருகிற கடல் வாயைத் தேடிப் போகிறது. அது எப்போது சினைப்படுகிறது, வாய் மண்ணால் அடைபட்டுக் கிடக்கும் மாதங்களில் அந்தச் சினைக்கு என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வி. அதற்காகப் பனிச்சங்கேணியில், தண்ணீருக்குப் பக்கத்தில், இரண்டு அறை உள்ள ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். முன் அறையில் தராசு, கத்திகள், கண்ணாடிச் சாடிகள். பின் அறையின் ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து, படம் கழுவும் இருட்டறையாக்கினேன். நடுவில் ஒரு கதவு. என் வாழ்க்கை முழுவதும் அந்தக் கதவைத் திறப்பதும் மூடுவதுமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

விடியும்போது தோணியில் போவேன். வலைக்காரர் பிடித்த கொடுவாவில் பெரியதாக ஒன்றிரண்டை வாங்கிவந்து, அளந்து, வெட்டி, சினையை எடுத்துப் போர்மலினில் போடுவேன். வெயில் ஏறியதும் கமராவைத் தூக்கிக்கொண்டு புறப்படுவேன். கண்ணாடித் தகட்டில் படம் விழுகிற பழைய பெட்டிக் கமரா. வாவி, தோணி, வலை காயப்போட்ட கரை, கேட்டவர்களுக்குக் கல்யாணப் படம், கேளாதவர்களுக்குச் சும்மா ஒரு படம். என் கையில் எப்போதும் மீன் நாற்றமும் அதற்கு மேலே மருந்து நாற்றமும் இருக்கும். பந்தியில் என் பக்கத்தில் உட்கார வேண்டி வந்தவர்கள் கொஞ்சம் தள்ளித்தான் உட்காருவார்கள்.

ஊரில் என்னை எல்லோரும் படக்காரத் தம்பி என்றார்கள். நல்ல மீனை வாங்கி, வெட்டி, தின்னாமல் போத்தலில் போட்டு வைத்திருக்கிற மனுசன் என்பதால், கொஞ்சம் மறை கழன்ற படக்காரத் தம்பி. கொழும்பிலிருந்த என் பேராசிரியருக்கோ நான் கொஞ்சம் மறை கழன்ற ஆராய்ச்சி மாணவன். "ஒரு கையில் தராசு, மற்றக் கையில் கமரா. பேனாவை எந்தக் கையால் பிடிக்கப்போகிறாய்?" என்று ஒருமுறை கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

போர்மலினைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மீனைக் கெடாமல் வைக்கிற மருந்தாக மட்டும் அதை நீங்கள் அறிவீர்கள். எனக்கு அதற்கு இன்னொரு உபயோகம் இருந்தது. அதைக் கல்குடாவில் நடந்த ஒரு கல்யாணம் கற்றுத்தந்தது.

பெண்ணின் தகப்பன் நல்ல வசதிக்காரர். மாப்பிள்ளை பெண், சுற்றம், பந்தல் என்று நிறையத் தகடு பிடித்தேன். வெயில் காலம். கிணற்றுத் தண்ணீரே கைக்குச் சூடாக இருக்கும். அந்தத் தண்ணீரில் தகட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது, படம் தாங்கிய பசை மெல்லச் சுருங்கியது, பிறகு இளகியது, பிறகு கண்ணாடியைவிட்டு வழுக்கிக்கொண்டு போனது. மணப்பெண்ணின் முகம் கோணிக்கொண்டே கீழே இறங்கித் தட்டத்துக்குள் விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஒன்றின் பின் ஒன்றாக எல்லாமே அப்படித்தான். தகப்பன் படம் கேட்டு ஆள் அனுப்பினார். நான் நேரில் போய்த் தண்ணீரோடு போய்விட்டது என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, கல்யாணத்துக்குச் சாப்பிட்டீங்கதானே?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கமே நான் தலைவைத்துப் படுக்கவில்லை.

போர்மலின் கலந்த தண்ணீரில் முதலில் முக்கி எடுத்தால் பசை இறுகிவிடும், எந்தச் சூட்டையும் தாங்கும் என்று பிறகு ஒரு பழைய புத்தகத்தில் படித்தேன். செய்து பார்த்தேன். அருமையாக வேலை செய்தது. அன்றிலிருந்து முன் அறைப் போத்தல் நடுக்கதவைத் தாண்டிப் பின் அறைக்கும் போக ஆரம்பித்தது. இவன் என்ன மீனா வளர்க்கிறான், போர்மலின் குடிக்கிறானா என்று கல்லூரிக் களஞ்சியக்காரர் கேட்டதாகக் கேள்வி.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வருடம், தென்மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று திடீரென்று விழுந்துவிட்டது. வழக்கமாக அந்த மாதங்களில் மனுசர் வாயில் மண் புகும்படி அடிக்கிற காற்று, நாட்கணக்காக இலையைக்கூட அசைக்கவில்லை. கடல் வாய் அடைபட்டு, தண்ணீர் வற்றி, வாவியில் பாசி தடித்துக் கிடந்தது. ஒரு விடியலில் தோணியைத் தள்ளிக்கொண்டு போகிறேன், தெற்குக் கரை நீளத்துக்கு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. கொடுவா, கெளிறு, செல்வன் எல்லாம்தான். மங்கிய வெளிச்சத்திலேயே, கையில் இருந்த தகடுகளில் படம் பிடித்தேன். வெயில் வருவதற்குள் பெரிய மீன்கள் வயிற்றை மேலே காட்டி மிதக்கத் தொடங்கிவிட்டன; அதையும் தகட்டில் எடுத்துக்கொண்டேன்.

எனக்குக் காரணம் தெரியும். காற்று அசைக்காத தண்ணீரில், பாசி அழுகுகிற தண்ணீரில், இரவு முழுவதும் பிராணவாயு குறைந்துகொண்டே போய் விடியும்போது ஒன்றுமில்லாமல் போய்விடும். மீன் மூச்சு முட்டிச் சாகும். முன்பே தண்ணீரைச் சோதித்து, இப்படி வரலாம் என்று பேராசிரியருக்கு எழுதியும் இருந்தேன்.

செத்துக் கிடந்தவற்றில் இரண்டு பெரிய கொடுவாவின் வயிற்றைக் கீறிப் பார்த்தேன். உள்ளே முற்றிய சினை. ஒரு வருடமாக நான் எதற்காகக் காத்துக்கொண்டிருந்தேனோ அது. அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். வாசலில் மீராலெவ்வைக் காக்கா வண்டியோடு நின்றார். ஓட்டமாவடி மீன் வியாபாரி; அங்கே முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். கருவாட்டுக்கு மீன் எடுக்க வரும்போது வாழைச்சேனை ரயில் ஸ்டேசனில் எனக்கு வந்து கிடக்கும் சாமானையும் ஏற்றிவருவார்.

"தம்பி, உங்கட பாசல் வந்திரிக்கி. ஆனா பெட்டி நனைஞ்சி கிடக்கு. மணத்தில மாடு கூட நடக்க மாட்டன் எண்டுது."

பெட்டியைத் திறந்தேன். போர்மலின் போத்தல் உடைந்து, கூட வந்த படம் அச்சடிக்கிற காகிதக் கட்டு முழுவதும் அதில் ஊறிப்போயிருந்தது. வீட்டில் பழைய போத்தலின் அடியில் கொஞ்சம் கிடந்தது. சினையை ஒரு சாடியில் போட அது போதும். போட்டுவிடலாம் என்று சாடியை எடுத்தேன்.

அப்போதுதான் காக்கா சொன்னார். "சாமித்தம்பியப் புடிச்சிப் போட்டாங்க, தெரியுமா? ஆத்துக்கு நஞ்சு போட்டிட்டானாம்."

அங்கே வாவியை ஆறு என்றுதான் சொல்வார்கள். சாமித்தம்பி தெற்குக் கரை வலைக்காரர். எனக்குக் கொடுவா கொண்டுவந்து தருகிறவர்களில் ஒருவர். அவருடைய வீட்டு உரலில் காரைக்காய் இடித்த சக்கை இருந்திருக்கிறது. காரைக்காயை இடித்துத் தண்ணீரில் போட்டால் மீன் மயங்கி மேலே வரும். வயலுக்குப் பின்னால் வற்றிக்கொண்டிருந்த ஒரு குட்டைக்குத்தான் அதைப் போட்டேன், ஆற்றுக்குப் போடவில்லை என்று அவர் சொன்னார். யார் நம்புவார்கள்? வாவி முழுவதும் மீன் மிதக்கிறது. அந்தப் பருவத்துப் பிழைப்பே மிதக்கிறது. ஊர் கொதித்துப்போயிருந்தது. அந்தப் பற்றுக்கு, அதாவது சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம், அரசாங்கத் தலைமைக்காரரான வன்னியனார் வந்துவிட்டார், பின்னேரம் விசாரிப்பார், மறுநாள் காலையில் பொலிஸ்காரரோடு சாமித்தம்பியை மட்டக்களப்புக்கு அனுப்பிவிடுவார் என்று பேச்சு.

என்னிடம் படம் இருந்தது. சாமித்தம்பியின் குட்டையிலிருந்து வெகு தூரத்துக்கு, கரை முழுவதும் மீன் ஒரேநேரத்தில் மூச்சுக்குத் தவிக்கிற படம். ஒரு மனுசன் உரலில் இடித்த நஞ்சு அவ்வளவு தூரம் போகாது. ஆனால் படம் இன்னும் கழுவாத தகட்டில் இருந்தது. அன்றைய சூட்டில், அன்றைய கிணற்றுத் தண்ணீரில், போர்மலின் இல்லாமல் கழுவினால் அது கல்குடாக் கல்யாணமாகிவிடும்.

போத்தலின் அடியில் கிடந்தது ஒன்றுக்குத்தான் போதும். சினைக்கு, அல்லது தகட்டுக்கு.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பாதி பாதியாகப் பிரித்திருக்கலாமே என்று. நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன். பாதி மருந்தில் சினையும் அழுகும், பசையும் இளகும். இரண்டு பக்கத்துக்கும் நல்லபிள்ளையாக இருக்கப் பார்த்து இரண்டையும் கெடுத்துக்கொள்வது எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கிற காரியம். சாராயத்தில் போட்டிருக்கலாமே? முட்டை சுருங்கிவிடும், அளக்க முடியாது. உப்பில் போட்டால் நல்ல கருவாடு வரும், பட்டம் வராது. தகட்டுக்குப் படிகாரம் பாவிக்கலாம், ஆனால் படிகாரம் வாங்க வாழைச்சேனைக்குப் போய்வருவதற்குள் சாமித்தம்பி மட்டக்களப்பில் இருப்பார்.

காக்கா என் கையில் இருந்த சாடியையும் முகத்தையும் பார்த்தார். "என்ன தம்பி யோசிக்கிறீங்க?"

"இதில ஒண்டுதான் மிஞ்சும் காக்கா."

"மீன் பிறகும் வருந்தானே?" என்றார் அவர். அது உண்மையில்லை. அந்த வருடத்துச் சினை அந்த வருடத்தோடு போய்விடும். ஆனால் அதை அவருக்கு விளக்குகிற நேரம் இல்லை. சாடியைக் கீழே வைத்துவிட்டுப் பின் அறைக்குள் போனேன்.

தகடுகள் நன்றாகவே வந்தன என்று சொல்ல முடியாது. விடியல் வெளிச்சம் போதாததால் படம் மெலிந்து, புகைபோலத்தான் இருந்தது. ஆனாலும் மீன் தெரிந்தது, கரை தெரிந்தது, எவ்வளவு தூரத்துக்கு என்பது தெரிந்தது. வெளியே வந்து பார்த்தபோது வெயிலில் சினை ஊதிப்போய் ஈ மொய்த்துக் கிடந்தது. என் படிப்பு இன்னொரு வருடம் நீண்டது அதனால்தான். பேராசிரியர் பிறகு, எத்தனை மீனின் சினை வைத்திருக்கிறாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். சரி, அப்போது அடுத்த வருடம் என்றார். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது.

அச்சடிக்கக் காகிதம் இல்லை. ஆகவே கண்ணாடித் தகடுகளையே துணியில் சுற்றிக்கொண்டு விசாரணைக்குப் போனேன். காக்காவும் வெயிலுக்குத் தன் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு கூட வந்தார்.

வன்னியனார் மரத்தடியில் நாற்காலியில் இருந்தார். சுற்றிவர ஊர். ஒரு பக்கத்தில் சாமித்தம்பி குந்தியிருந்தார், அவருக்குப் பின்னால் அவருடைய மனைவி பொன்னம்மை நின்றாள். நான் தகட்டை வன்னியனாரிடம் கொடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொன்னேன்.

நீங்கள் எல்லோரும் நெகட்டிவ் பார்த்துப் பழகியவர்கள். நானும் அப்படித்தான், அதனால்தான் அது என் புத்திக்கு எட்டவில்லை. அந்த மனுசர் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றைப் பார்க்கிறார். அதில் வெளுத்த வயிற்றோடு மிதந்த மீனெல்லாம் கறுப்பாகத் தெரிகிறது.

"இதென்ன தம்பி, மீனெல்லாம் கறுத்துக் கிடக்கு?"

"அது அப்படித்தான் தெரியும் ஐயா. இதில வெள்ளை கறுப்பாத் தெரியும், கறுப்பு வெள்ளையாத் தெரியும்."

"அப்ப சாமித்தம்பி இதில வெள்ளைக்காரத் துரையாத்தான் தெரிவான்" என்றான் கூட்டத்தில் ஒருவன். சிரிப்பு எழும்பியது. தகடு கைக்குக் கை போனது. பார்த்தவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். "நஞ்சு குடிச்ச மீன் கறுக்காம என்ன செய்யும்?" என்றார் ஒரு வயதாளி. "படக்காரத் தம்பியே கொண்டந்து காட்டிட்டார்" என்றார் இன்னொருவர். சாமித்தம்பி என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை நான் சொல்லி விளக்க முடியாது. அவரைக் காப்பாற்றப் போனவன் அவருடைய கழுத்துக்குக் கயிறு கொடுத்துவிட்டு நிற்கிறேன்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. மெலிந்த தகட்டைக் கறுப்பான எதற்காவது முன்னால் பிடித்துச் சரித்துப் பார்த்தால், படம் நேராகத் தெரியும். கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும். இருட்டறையில் விளையாட்டுக்குச் செய்து பார்த்திருக்கிறேன். காக்காவின் குடையைச் சரித்து, அதன் கறுப்புத் துணிக்கு முன்னால் தகட்டைப் பிடித்து, வெயில் படும்படி மெல்லத் திருப்பினேன்.

மீன்கள் வெளுத்தன. கூட்டம் முழுவதும் ஓ என்றது. பிள்ளைகள் குடைக்குக் கீழே நுழைந்து பார்த்தார்கள். "மாயம்தான்" என்றார் வயதாளி. நான் நிமிர்ந்து நின்றேன். வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

வன்னியனார் குடையையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தார். மோட்டு மனுசர் இல்லை அவர். "தம்பி," என்றார் பொறுமையாக, "என்ர கண்ணுக்கு முன்னால கறுப்ப வெள்ளையாக்கிப் போட்டீங்க. நல்ல வித்தைதான். நாளைக்கு வெள்ளையக் கறுப்பாக்க மாட்டீங்க எண்டு நான் என்னண்டு நம்புற?"

யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். தண்ணீரைச் சோதித்த கணக்கைச் சொல்லலாம், ஆனால் அதுவும் நான் சொல்கிற கணக்குத்தான். நான் காட்டுகிற எதுவும் இனி எடுபடாது. நான் காட்டாமல் அவராகப் பார்க்கிற ஒன்றுதான் எடுபடும்.

"அப்ப நாளைக்கு விடிய வாங்க ஐயா," என்றேன். "வடக்குப் பக்கத்துக் குடாவுக்கு. அங்க ஆரும் குடியில்ல. இவரு உங்கட காவல்ல இரிக்கட்டும். ஆத்தில ஆரும் இறங்காம உங்கட ஆக்கள் கரையச் சுத்தி நிக்கட்டும். முதல்ல நண்டு தண்ணிய விட்டுக் கரையில நிக்கிற கண்ணா மரத்து வேருக்கு ஏறும். பிறகு இறால் கரைக்கு வரும். பிறகு பெரிய மீன் சாகும். நஞ்செண்டா சின்ன மீன்தான் முதல்ல சாகும். இது மூச்சு முட்டிச் சாகிறது, பெரிசுதான் முதல்ல சாகும்."

"சாகாட்டி?"

"சாகாட்டி இவரைக் கொண்டு போங்க."

சொன்ன பிறகுதான் நான் எதைச் சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது. பந்தயம் வைத்தது என் கழுத்தை அல்ல. இரவில் காற்றுக் கிளம்பினால் தண்ணீர் கலங்கி மூச்சு வந்துவிடும், ஒரு மீனும் சாகாது. என் விளக்கம் சரியாகவே இருக்கும், சாமித்தம்பி மட்டக்களப்புக்குப் போவார். வன்னியனாருக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். அவர் சாமித்தம்பியின் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன சொல்றாய்?"

சாமித்தம்பி எழும்பி நின்றார். "அந்தத் தம்பி சொல்றபடி பாப்பம் ஐயா. எனக்கு வேற என்ன இரிக்கி?"

அன்று பின்னேரம் கடல் பக்கத்திலிருந்து ஒரு காற்று வந்தது. தென்னோலை அசைந்தது. என் வாழ்க்கையில் காற்றை அவ்வளவு வெறுத்தது அந்த ஒரு நாள்தான். இருட்டியதும் அது நின்றது. நான் தூங்கினேனா இல்லையா என்று எனக்கு ஞாபகமில்லை.

விடியுமுன் எல்லோரும் வடக்குக் குடாவில் நின்றோம். வன்னியனார், அவருடைய ஆட்கள், பொலிஸ்காரர், பொன்னம்மை, ஊரில் பாதி. கையைக் கட்டாமல் இரண்டு பேருக்கு நடுவில் சாமித்தம்பி. தண்ணீர் எண்ணெய் ஊற்றி வைத்ததுபோல அசையாமல் கிடந்தது. கமரா என் தோளில் இருந்தது. வெளிச்சம் வரத் தொடங்கியும் ஒன்றும் நடக்கவில்லை. பொலிஸ்காரர் ஒருமுறை செருமினார். நான் பொன்னம்மையின் பக்கம் பார்க்காமல் நின்றேன்.

"அந்தா, நண்டு" என்றார் வன்னியனார். அவர்தான் முதலில் கண்டார். கண்ணா மரத்து வேரில் ஒரு நண்டு ஏறி நின்றது. பிறகு அடுத்த வேரில், அதற்கடுத்ததில். கரையோரத்துச் சேற்றில் இறால் துள்ளியது. சின்ன மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைப் பிளந்தன. நடுவில் ஒரு பெரிய கொடுவா மேலே வந்து, சரிந்து, ஒரு வட்டம் சுற்றி, வயிற்றைக் காட்டியது.

எனக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. சொன்னது சொன்னபடி, சொன்ன வரிசையில் நடக்கிறது. ஒரு ஆராய்ச்சி மாணவனுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது, உங்களுக்கும் ஒரு நாள் அது தெரியவரும். பக்கத்தில் யாரோ விம்முகிற சத்தம் கேட்டது. பொன்னம்மை. நானும் அவளும் ஒரே காரணத்துக்காகத்தான் சந்தோஷப்படுகிறோம் என்று நினைத்து, "பயப்பிடாதீங்க அக்கா, இனி விட்டிருவாங்க" என்றேன்.

அவள் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள். "இதெல்லாம் செத்தாத்தான் அவரு வீட்ட வருவாரெண்டா சாகட்டும் தம்பி. வந்து என்னத்தத் தின்னுற எண்டுதான் அழுறன்."

இன்னொரு கொடுவா மேலே வந்தது. இந்தத் தடவை நான் சந்தோஷப்படவில்லை.

வன்னியனார் வெயில் வரும்வரை நின்று பார்த்தார். ஆட்களை அனுப்பி இரண்டு மூன்று மீனை எடுத்துவரச் சொல்லி, செவுளைத் திறந்து பார்த்தார், எதற்காகப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. பிறகு சாமித்தம்பியிடம், குட்டைக்கு நஞ்சு போட்டதும் குற்றம்தான், அதைப் பிறகு பேசிக்கொள்வோம், இப்போது வீட்டுக்குப் போ என்றார். என்னிடம், "தம்பி, உங்கட படத்தைவிட இது நல்லா விளங்குது" என்றார். அவர் கிண்டல் பண்ணவில்லை. பொலிஸ்காரர் வெறுங்கையோடு திரும்பினார்.

ஊர் கலைந்தது. சாமித்தம்பி என்னிடம் வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்து நான் கொஞ்சம் கூச்சப்பட்டேன்.

"தம்பி, நாளைக்கும் சாகுமா?"

அத்தனை பேருக்கு முன்னால், நாளைக்குச் சாகும் என்று அடித்துச் சொன்ன வாய் இது. "காத்து அடிச்சாச் சாகாது அண்ணன்."

"அடிக்காட்டி?"

"சாகும்."

"அப்ப நாங்க என்ன செய்யிற?"

சினையைப் பற்றி, உப்பைப் பற்றி, பிராணவாயுவைப் பற்றி யார் எதைக் கேட்டிருந்தாலும் அன்று நான் பதில் சொல்லியிருப்பேன். இதை ஒரு பரீட்சையிலும் என்னிடம் கேட்டதில்லை. பேராசிரியரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. "தெரியா" என்றேன். அவர் கோபப்படவில்லை. சரி என்று தலையை ஆட்டினார். பிறகு அவரும் பொன்னம்மையும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, செத்த மீனை அள்ளத் தொடங்கினார்கள். விட்டால் அழுகி, இருக்கிற மூச்சையும் குடித்துவிடும் என்பது அவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டிய விஷயம் இல்லை.

நீங்கள் வாவிக்குப் போவீர்கள். காரணத்தைக் கண்டுபிடிப்பீர்கள், உங்களிடம் என்னைவிட நல்ல கருவிகள் இருக்கின்றன. கண்டுபிடித்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கரையேறிவிடாதீர்கள். கொஞ்சம் நில்லுங்கள். உங்களிடம் இன்னொன்று கேட்க ஒருவர் வந்துகொண்டிருப்பார்.

மறுநாளும் காற்று வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நான் ஒவ்வொரு விடியலிலும் கமரா இல்லாமல் வடக்குக் குடாவுக்குப் போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களோடு செத்த மீன் அள்ளினேன். சாமித்தம்பி அந்தக் கேள்வியை என்னிடம் மறுபடி கேட்கவே இல்லை.